லிஃப்ட் தூக்காத டிராக்டர்

அந்தச் சாம்பக் கலரு டிராக்டர நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. இரும்பு மேல என்னய்யா கோவம்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போகட்டும்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். அறுபதுகளோட ஆரம்பம். நான் ஸ்டோர்ல ஃபிட்டரு. தேயிலை அரைக்கிற ஃபேக்டரியத்தான் எங்க பக்கம் ஸ்டோருன்னு சொல்றது. டிராக்டர ஓட்டுனது எங்க அக்கா புருஷன், என் மச்சான். சீட்டுக்குப் பின்னால ரெண்டு இரும்புக் கை, அது மேல ஒரு பலகைப் பெட்டி. லிவர இழுத்தா உள்ள எண்ணெய் அழுத்தி கை ரெண்டும் எழும்பும், பெட்டி தரைய விட்டுக் கெளம்பும். அதுக்குத்தான் லிஃப்டுன்னு பேரு. உர மூட்டை, வெறகு, கொழுந்துச் சாக்கு எல்லாம் அந்தப் பெட்டியிலதான் போகும்.

மச்சானுக்கு நெஞ்சு சரியில்ல, இளைப்பு. முன்னால கவ்வாத்துக்குப் போனவரு. நாள் பூரா மழையில நனைஞ்சுகிட்டே தேயிலைச் செடிய வெட்டித் தள்ளுற வேலை அது. கடைசியில டிக்கோயா ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வச்சுது. இனிமே இவர மலை வேலைக்கு அனுப்புனா உசுருக்கு நான் பொறுப்பில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நல்ல நேரமோ என்னமோ, பழைய டிரைவரு அப்பத்தான் வேலைய விட்டுப் போனாரு, தோட்டத்துத் தொரை இவர வண்டி ஓட்ட ஏத்துனாரு. மழை படாம இருக்க நான் சீட்டுக்கு மேல ஒரு தகரம் அடிச்சுக் குடுத்தேன். இருமல் அடங்குச்சு. அக்கா மறுபடி மனுஷங்களப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா.

அந்த வருஷம் ஐப்பசி மழையோட லிஃப்ட் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. வெறும் பெட்டின்னா தூக்கும். மூட்டை ஏத்துனா பாதியில மொனகிகிட்டு நின்னுரும். வளைவுல பெட்டி ரோட்டத் தேச்சுகிட்டு வர்ற சத்தம் லயத்து வீட்டு வரிசையில இருக்கிறவங்களுக்கெல்லாம் கேக்கும். "கர்ப்பிணி நடக்குற மாதிரி வருது பாரு உங்க மச்சான் வண்டி"ன்னு ஸ்டோர்ல சிரிச்சானுங்க. நடுவுல ஒரு நாள் நுவரெலியாப் பக்கத்து ஆளு ஒருத்தரு, கால்சட்டையும் தொப்பியுமா வந்து வண்டியச் சுத்திப் பாத்தாரு, லிவர இழுத்துப் பாத்தாரு, உதட்டப் பிதுக்கிட்டுப் போயிட்டாரு. யாரோ என்னமோன்னு நான் இருந்துட்டேன்.

தை மாசம் கண்டாக்கு ஸ்டோருக்கு வந்தாரு. தொரைக்கு அடுத்தபடியா மலையில அவரு வச்சதுதான் சட்டம். "லிஃப்ட சரியாக்கு. இல்லன்னா வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும், ஒங்க மச்சான் நாளைக்கே விடியக்கால ஆள் எண்ணுற பெரட்டுல வந்து கவ்வாத்துக் கத்தியோட நிக்கணும்"னாரு. சரியாக்குனான்னு கேட்டேன். "சரியாக்குனா அவரு பாட்டுக்கு ஓட்டட்டும், யாரு வேணாங்குறா"ன்னாரு. அந்த வார்த்தைய நான் நம்புனேன்.

பம்ப் தேஞ்சு போச்சு, கொழும்புல இருந்து புதுசுதான் எடுக்கணும்னு ஆளுக்கு ஆள் சொன்னாங்க. எனக்கு அது ஒத்துவரல. முதல்ல எண்ணெய் மட்டம் பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் நாலு பேரப் புடிச்சு, மூட்டையோட பெட்டியக் கையால தூக்க வச்சு, லிவர மேல போட்டு எஞ்சின நிறுத்துனேன். மறுநாள் காலையில வந்து பாத்தா பெட்டி வச்ச எடத்துலயே நிக்குது. அப்போ எண்ணெய் எங்கயும் கசியல, பிடிச்சு நிக்கிற பலம் இருக்கு. தூக்கத்தான் முடியல. அதாவது பம்புக்கு எண்ணெய் போய்ச் சேரல.

மச்சான்தான் இன்னொண்ணு சொன்னாரு. "மாப்ள, காலையில முதல் தடவை நல்லாத் தூக்குது. கொஞ்ச நேரத்துல செத்துப்போகுது. நிப்பாட்டி ஒரு பீடி குடிச்சிட்டு வந்தா மறுபடி ஒருக்கா தூக்குது." அதக் கேட்டதும் எனக்கு வெளங்கிருச்சு. உள்ள ஏதோ ஒண்ணு மெதந்துகிட்டுத் திரியுது. பம்ப் இழுக்கையில வந்து வாய அடைக்குது, நிறுத்துனா வெலகிப் போகுது.

எண்ணெய முழுக்கத் தகர வாளியில எறக்குனோம். வயித்துப் பக்கத்து மூடியக் கழட்டி, முழங்கை வரைக்கும் கைய விட்டுத் தேடுனேன். பம்ப் எண்ணெய் இழுக்கிற எடத்துல ஒரு சல்லடை. அது மேல சொதசொதன்னு ஒரு துணி ஒட்டிகிட்டு இருந்துச்சு. வெளிய எடுத்தா ஒரு பக்கம் பல்லுச்சக்கரம் கடிச்ச துணி, மறுபக்கம் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள்ள ஊறிப்போன மஞ்சக் கெழங்கு. கறுத்துப்போயிருந்தாலும் மஞ்சத்துணின்னு தெரிஞ்சுது. அதுல முடிஞ்சிருந்த ஒரு காசு நழுவி வாளிக்கு அடியில கெடந்துச்சு.

எவன்டா இந்த வேலையப் பாத்ததுன்னு நான் கத்திகிட்டு இருக்கையிலதான் அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டாந்தா. துணியப் பாத்தா. போத்தலக் கீழ வச்சா.

"நான்தான் தம்பி வச்சேன்"னா.

ஆயுதபூசைக்கு வண்டியக் கழுவிச் சந்தனம் பூசுன அன்னைக்கு வச்சிருக்கா. இந்த மனுஷன் மறுபடி மலைக்குப் போகக் கூடாதுன்னு மாரியம்மனுக்கு நேந்து காசு முடிஞ்சிருக்கா. எதுக்கு நேந்தமோ அதுகிட்டயே முடிச்சு இருக்கணும், திருவிழாவுல அவுத்து உண்டியல்ல போடுற வரைக்கும் கால் படக் கூடாதும்பாங்க. டிராக்டர்ல கால் படாத எடம் எங்க இருக்கு? சுத்திச் சுத்திப் பாத்திருக்கா. மச்சான் எண்ணெய் ஊத்துறதுக்காக மூடியத் தொறந்து வச்சிருந்தது கண்ணுல பட்டிருக்கு. மூடிக்கு அடியில நூலால கட்டித் தொங்கவிட்டுட்டா. சாமிக்கு எண்ணெய் ஆகாததா என்னன்னு நெனச்சிருக்கா. நூலு ஊறி அந்துபோச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு வாயில வந்தபடி ஏசுனேன். ஒன் புருஷன் சோத்துல நீயே மண்ணப் போடப் பாத்தியேன்னு கூடச் சொன்னேன். மச்சான்தான் சிரிச்சாரு, சிரிப்பு இருமலாயிருச்சு. "விடு மாப்ள. பம்ப் எங்க இருக்குன்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா"ன்னாரு. அக்கா துணியையும் காசையும் எடுத்து முந்தானையில தொடச்சுகிட்டே லயத்துக்குப் போயிட்டா.

சல்லடையக் கழுவுனேன். புது எண்ணெய் ஊத்துனேன். பெட்டி நெறைய உர மூட்டைய அடுக்கி மச்சான லிவர இழுக்கச் சொன்னேன். ஒரு மொனகல் இல்ல. புள்ளையத் தூக்குற மாதிரித் தூக்குச்சு. மச்சான் எறக்கி எறக்கித் தூக்கிப் பாத்தாரு, அவரு மொகத்த அப்பிடி நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாக்கல. கண்டாக்கு வந்து பாத்து, கெட்டிக்காரன்டான்னு என் முதுகுல தட்டிட்டுப் போனாரு.

அந்த வாரமே தொப்பிக்காரரு திரும்பி வந்தாரு. உருளைக்கெழங்குத் தோட்டக்காரராம். கலப்பை மாட்டித் தூக்கி எறக்க அவருக்கு நல்ல லிஃப்ட் வேணுமாம். முதல்ல வந்தப்போ தூக்கலன்னுதான் வேணாம்னு போயிருக்காரு. இப்ப லிவர இழுத்தாரு, தலைய ஆட்டுனாரு, தொரை பங்களாவுக்கு ஏறிப் போய் வெலை பேசி முடிச்சுட்டாரு. வண்டிய ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னதும் மச்சானத்தான். நான் அடிச்ச தகரத்தக் கூட கழட்டல, அதோட போயிருச்சு. கண்டாக்குகிட்ட ஓடிப்போய்க் கேட்டேன். "தொரை முடிவுப்பா, நான் என்ன செய்ய"ன்னுட்டு வேற பக்கம் பாத்தாரு. அந்த ஆளு செத்தப்பவும் நான் போகல.

மச்சான் பெரட்டுல நின்னாரு. ஸ்டோருக்குள்ள ஒரு எடம் குடுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன், எடமில்லன்னுட்டாங்க. கம்பளிச் சாக்கத் தலையில போட்டுகிட்டு, கவ்வாத்துக் கத்தியோட மழையில மலையேறுனாரு. லயத்துல எங்க காம்பிராவுக்கும் அவங்க காம்பிராவுக்கும் நடுவுல ஒரு செவருதான். விடிய விடிய இருமல் கேக்கும். அடுத்த மழைக்கு அவரு இல்ல.

கருமாதி எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தா. சாமி படத்துக்கு முன்னால அந்த மஞ்சத்துணி, தொவச்சு, மறுபடி முடிஞ்சு இருந்துச்சு. இத ஏன் இன்னும் வச்சிருக்கன்னு கேட்டேன். கோவிலுக்கு எப்பிடிக் குடுக்குறது, கேட்டது நடக்கலையேன்னா. அடுப்புல வெறகத் தள்ளி விட்டா. அப்புறம் என்னப் பாக்காமலே கேட்டா.

"தம்பி, இது அதுக்குள்ள கெடந்த வரைக்கும் அந்த வண்டிய யாரும் வாங்கலையே. அவரும் அதுலதானே இருந்தாரு. நான் வச்சது தப்பா, நீ எடுத்தது தப்பா?"

அவ குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.