செவ்வாய்க்கிழமை எங்கேஜ்டாக இருந்த போன்

சைதூன் பீவி போன் பேசினால் தெருவுக்கே கேட்கும். மகள் ஹம்னா ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாலும் சரி, சிலிண்டர் போடுகிறவன் கூப்பிட்டாலும் சரி, எடுத்த கையோடு ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். ஹம்னா வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவள் மாப்பிள்ளைக்கு முன்பே வடகரையில் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். "மைனிக்குக் காது மந்தமாயிட்டு, ஒரு மிஷின் வாங்கி மாட்டுங்க" என்று கொழுந்தன் காஜா கேலி செய்வார். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்படியில் பூனை பால் சட்டியை நக்கினால் முன்வாசலிலிருந்தே அதட்டுகிற காது அது. ஸ்பீக்கருக்குக் காரணம் வேறு. காஜாவும் அதில் ஒரு பங்கு என்பது காஜாவுக்கே தெரியாது.

சைதூனின் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி கலைவதற்குள் மாப்பிள்ளை கிதிர் முகம்மது தமாமுக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். லீவு கிடைத்தால் சாரல் காலத்தில்தான் வருவார். வந்த மறுநாளே ஐந்தருவி. அவர் முதலில் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்பார். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு அவள் நடுங்கிக்கொண்டு வரும்போது கையில் மங்குஸ்தான் உரித்து வைத்திருப்பார். அவளுடைய தாம்பத்தியம் என்பது அந்தச் சாரல் மாதங்களும், மிச்ச நாளெல்லாம் கூடத்து மேஜையில் இருந்த போனும்தான். சொன்னால் கொஞ்சம் போலத்தான் தெரியும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் பூத்துக்குப் போய்க் கூப்பிடுவார். அன்றைக்கு வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது. அவளோ தலை வாரி, சலவைச் சேலை கட்டி, கண்ணுக்குச் சுருமா இட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"உம்மா, போனுக்குள்ள மூஞ்சி தெரியுமா? இப்படிச் சிங்காரிச்சிட்டு இருக்கியே" என்று ஹம்னா சிரிப்பாள்.

"போ ட்டி. பேசுத பேச்சுல தெரியும்" என்பாள் சைதூன்.

ஹம்னா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கியிருந்த வருஷம் அது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்திருந்தது. பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு அது புதுப்பெண் மாதிரி மூலையில் இருந்தது. அப்போது ஒரு வெள்ளிக்கிழமை கிதிர் முகம்மது போனில் சொன்னார்: "சைதூன், எங்க ரூம்ல கடையநல்லூர்க்காரன் ஒருத்தன் இருக்கான். கஃபேல போய் உக்காந்து, நெட்ல அவன் பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசுதான். எனக்கு உன் மூஞ்சியே மறந்துரும் போல இருக்கு புள்ள."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போனை வைத்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நம்ம கம்ப்யூட்டர்ல அந்த நெட்டு வருமா? நாம மாட்டி வச்சிட்டு, ஒரு வெள்ளிக்கெழம 'கஃபேக்குப் போங்க, நான் தெரிவேன்'னு சொல்லணும். அதுவரைக்கும் வாப்பாட்ட மூச்சு விடப்படாது."

ஹம்னா கல்லூரியோடு சேர்த்துப் போய்க்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பெலிக்ஸ் என்று ஒருவன் இருந்தான். மேலகரத்துக்காரன். அவன் மோடம் பெட்டியையும், கண்ணாடிக் குண்டு போன்ற ஒரு சின்னக் கேமராவையும் எடுத்துக்கொண்டு சிவப்பு பைக்கில் வந்து இறங்கினான். வெளிநாட்டில் புருஷன் இருக்கிற வீட்டுக்கு அந்நிய ஆண் வருகிறான் என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, சைதூன் அப்படியே நடந்துகொண்டாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது, திரை மட்டும் தொங்கியது. மகள் இல்லாத நேரத்தில் அவன் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவனும் பிள்ளைப்பூச்சி. தலை நிமிராமல் வயரோடு வயராகக் கிடந்தான்.

போன் வயரைக் கழற்றி மோடத்தில் சொருகிவிட்டு அவன் சொன்னான்: "யக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. நெட்டு ஓடும்போது போன் வேலை செய்யாது. வெளியேர்ந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்னுதான் கேக்கும்."

"வெள்ளிக்கெழம மட்டும் தொட்டுராதப்பா. மத்த நாளு எங்களை யாரு கூப்பிடப் போறா?" என்றாள் அவள்.

சாரல் பிடித்திருந்தது. லைனில் ஈரம் இறங்கி ஒரே கொரகொரப்பு. திங்கட்கிழமை முழுக்க மோடம் கீச்சென்று கத்துவதும், கரகரப்பதும், பிறகு அறுந்துபோவதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தார்கள். அறுந்தால் மறுபடி, அறுந்தால் மறுபடி. ஒருவழியாக லைன் அறாமல் நின்றது. சாயங்காலம் அசர் பாங்கு சொல்லுகிற நேரத்துக்குத் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சைதூனின் முகம் தெரிந்தது. அவள் கையைத் தூக்கினால் அதில் இருந்தவள் சற்றுப் பொறுத்துத் தூக்கினாள். முக்காட்டைச் சரி செய்தாள். அதுவும் யோசித்து யோசித்துச் சரி செய்தது.

"இந்த மூஞ்சியவா அவிய பாக்கப் போறாவ? பயந்துரப் போறாவ" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஹம்னாவும் சிரித்தாள். பெலிக்ஸும் சிரித்துவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தமாமில் கிதிர் முகம்மதுவுக்குக் காய்ச்சல். ரூமில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். உடம்பு அனலாகக் கொதிக்கும்போது மனுஷனுக்கு யார் நினைவு வரும்? தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் பூத் வரைக்கும் நடந்தார். எங்கேஜ். சரி, யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று படியில் உட்கார்ந்து எழுந்து மறுபடி போட்டார். எங்கேஜ். மற்ற நாளில் போனைத் தொடவே பயப்படுகிறவள், அவசியம் இல்லாமல் ஒரு நம்பர் சுழற்றாதவள், இத்தனை நேரம் யாரோடு பேசுகிறாள்? முதலில் வந்தது பயம்தான். பெண்டு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தம்பி காஜாவின் கடைக்குப் போட்டார். "ஒரு எட்டு வீட்ல போய்ப் பாத்துட்டு வா லே, நான் திரும்பக் கூப்பிடுதேன்" என்றார்.

காஜா சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். வாசலில் சிவப்பு பைக் நின்றது. படியில் ஆண்பிள்ளைச் செருப்பு. திரைக்கு உள்ளே ஒரு வாலிபக் குரல், கூடவே மைனியின் பேச்சும் சிரிப்பும். அண்ணன் ஊரில் இல்லாதபோது அந்தத் திரையை விலக்கிக்கொண்டு காஜா ஒருநாளும் உள்ளே போனதில்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பார், மகள் வந்து எட்டிப் பார்ப்பாள், அதோடு சரி. அது அவர் மைனிக்குக் கொடுத்த மரியாதை. அன்றைக்கு அந்தக் குரலைக்கூடக் கொடுக்கவில்லை. விருந்தாள் இருக்கிறார்கள், நாம் எதற்கு என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். மறுபடி போன் வந்தபோது, "எல்லாரும் நல்லா இருக்காவ அண்ணே. யாரோ ஒரு பையன் பைக்ல வந்திருக்கான், மைனி சிரிச்சுப் பேசிட்டிருக்கு" என்றார். பார்த்ததும் கேட்டதும்தான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படுபாவி, கொஞ்சம் பொய் சொல்லியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சைதூன் பெருநாளைக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். ஜும்மா முடிந்து வெகுநேரமாகியும் போன் வரவில்லை. அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"மச்சான், உங்களுக்கு ஒரு சங்கதி சொல்லப் போறேன். கேட்டா..."

"செவ்வாக்கெழம யார்ட்ட பேசிட்டிருந்த?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "நான் யார்ட்டயும் பேசலயே."

"மணிக்கணக்கா எங்கேஜு. வாசல்ல பைக்கு. யாரு அவன்?"

சைதூன் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. நெட்டு மாட்டினோம் மச்சான், நீங்க என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றுதான் மாட்டினோம். எத்தனை நாளாக மடியில் கட்டி வைத்திருந்த சந்தோஷம் அது. அவருக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்ததை, தான் திருடவில்லை என்று காட்டுவதற்காக எடுத்து நீட்ட வேண்டும். அவளால் முடியவில்லை. ரிசீவரை மகளிடம் கொடுத்தாள்.

"வாப்பாட்ட நீயே சொல்லு."

ஹம்னா சொன்னாள். மோடம், பெலிக்ஸ், கேமரா, ஈர லைன் எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கத்தில் கிதிர் முகம்மது சிரித்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியவரின் சிரிப்பு. ரிசீவருக்கு வெளியிலேயே கேட்டது.

"அட கோட்டி புள்ளையளா! இதை முன்னாலேயே சொல்லப்படாதா? உம்மாட்ட போனக் குடு."

"உம்மா தொழப் போயிட்டா வாப்பா" என்றாள் ஹம்னா. சைதூன் அங்கேயே, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கேள்வியை விட அந்தச் சிரிப்புத்தான் அவளை அதிகம் சுட்டது. இவ்வளவு சுலபமாகச் சிரித்துத் துடைத்துவிடக்கூடியதா அவர் கேட்ட கேள்வி?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கஃபேக்குப் போனார். சின்னக் கட்டத்துக்குள் அவர் முகம் வந்தது. "உம்மா எங்கட்டி?" என்றார். "அடுப்படில நிக்கா" என்றாள் மகள். அடுப்படி நிலையில் நின்று சைதூன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் தெரியாது, அவளுக்கு அவர் தெரிந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடியில் நரை. காய்ச்சலில் கிடந்ததை மகளிடம் சொல்லிக்கொண்டே, கண்ணைச் சுருக்கி, இந்தக் கூடத்துக்குள் யாரையோ தேடினார். காய்ச்சலோடு வெயிலில் நடந்தா கூப்பிட்டார்? ஓரடி எடுத்து வைத்தாள். யாரு அவன் என்ற போன வாரத்துக் குரல் காதுக்குள் கேட்டது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கேமராவுக்கு முன்னால் அவள் கடைசிவரை உட்காரவில்லை. சண்டை போட்டாளா என்றால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தால் எடுத்தாள். "நல்லா இருக்கியளா? மாத்திரை சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் கேட்டாள். சுருமா டப்பா அலமாரிக்குள்ளேயே காய்ந்துபோனது. ஹம்னா கல்யாணமாகிப் போனாள். மோடம் போயிற்று, மேஜைப் போனும் போயிற்று, கையில் செல்போன் வந்தது. வந்த அன்றைக்கே ஸ்பீக்கர் பொத்தான் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கிதிர் முகம்மது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். சர்க்கரையும் மூட்டுவலியும்தான் தமாமிலிருந்து கூட வந்தவை. சாரல் காலத்தில் இப்போதும் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போகிறார், மங்குஸ்தான் உரித்துக் கொடுக்கிறார், அவளும் வாங்கித் தின்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஹம்னா கூப்பிட்டாள். சைதூன் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கணவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். அவர் வெகுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் மெல்லச் சொன்னார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கப்படாது புள்ள."

"என்னைக்கு?"

"ஒனக்குத் தெரியும்."

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு. காப்பி போடட்டுமா?" என்றாள்.

அந்த நேரத்தில் போன் மறுபடி அடித்தது. சொல்ல மறந்த எதற்கோ ஹம்னாதான் கூப்பிட்டாள். சைதூனின் விரல் தானாக ஸ்பீக்கருக்குப் போனது.

"ஸ்பீக்கர் வேண்டாம் சைதூன். ஒனக்கும் மவளுக்கும் ஆயிரம் இருக்கும். நீ நிம்மதியாப் பேசு. நான் எதுக்குக் கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

அவர் வாசற்படி இறங்குவதை அவள் பார்த்தாள். போனின் சத்தத்தை இன்னும் கூட்டி, வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மகளுக்குச் சளி பிடித்திருப்பதும், பேரன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததும் தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிளில் அந்தப் பக்கம் வந்த காஜா, "மைனி ரேடியோவைத் தொறந்துட்டு" என்று சிரித்தார். கிதிர் முகம்மது சிரிக்கவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தார். அங்கேயும் கேட்டது.