புகை படிந்த நந்தியாவட்டை

1952 ஜூன்: கிழக்கேகோட்டையில் எங்கள் வாசலருகே பேருந்து நிற்கத் தொடங்கியது. 1953 ஜனவரி: என் மனைவி காலமானாள். மார்ச்: அவள் நட்ட நந்தியாவட்டையின் சாலைப்பக்கத்து இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின.

ஓட்டுநர் தடித்த கழுத்தர். காக்கிக் காலரில் எண்ணெய்க் கறை. எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வெற்றிலை போடுவார். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை, கரி படிந்து மூச்சு முட்டும் அந்த இலைகளிலேயே துடைப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் கேட்டேன்: "எஞ்சினை நிறுத்தப்படாதா? புகையிலே செடி சாகறதே."

"நிறுத்தினா பின்னே ஸ்டார்ட் ஆவாது சாமி. தள்ளித் தருவீங்களா?" என்று சிரித்தார். பிறகு செடியைப் பார்த்தார். "அம்மை தெனமும் ஈரத்துணியால இலை துடைப்பாங்களே. வண்டிக்கும் ஒரு வாளி வெள்ளம் தருவாங்க. ஊருக்குப் போயிருக்காங்களா?"

அவள் தண்ணீர் கொடுத்ததை நான் அறிந்ததில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாளும் அவர் அதே இலைகளில்தான் விரலைத் துடைத்தார். அருவருப்பு குறையவில்லை. ஆயினும் அவள் வாசலுக்கு வராததைக் கவனித்து என்னிடம் கேட்டவர், அந்தத் தெருவில் அவர் ஒருவரே.

இன்னும் செய்யாதவை: இலைகளைத் துடைப்பது. பேருந்து நிறுத்தத்தை மாற்றக் கோரி மனு எழுதுவது. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பது. அவள் இல்லை என்பதை அவரிடம் சொல்வது.