ஆறு வரிசைக்கு நாலு விரல்

மறுபடியும் அதே இடம். பாட்டைப் பின்னால் இழுத்து, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து, மேளம் விழும் இடத்தில் ஒரு நீலக்கட்டையை வைக்கிறான் ஆன்டோ. காதைக் கொடுத்துக் கேட்கிறான். "ம்ஹூம், முந்திக்கிது சனியன்" என்று மயிரிழை நகர்த்துகிறான். வலது கை மட்டும் எப்போதும் தொடைக்கடியில் கிடக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் ஆறு வரிசையாகக் கட்டைகள் இறங்கும். அவை கோட்டைத் தொடும்போது, தாளம் பிசகாமல், கைக்கு மூன்றாக ஆறு விரலால் ஆறு பட்டனை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எந்தக் கட்டை எப்போது விழ வேண்டும் என்று பாட்டுக்குப் பாட்டு யாராவது அடுக்கித் தொலைக்க வேண்டுமே, அதற்கு 'சார்ட்' என்று பேர். ஆன்டோ கற்றுக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஒரு காலத்தில் ஆடியவன்தான். காரைக்காலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்புறம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனான். மெஷின் அவன் வலது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வாங்கிக்கொண்டது. அம்மா இருதயமேரி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாள். "உசுரோட இருக்கியே தம்பி, அது போதும்" என்றாள். அவனுக்குப் போதவில்லை. ஆட முடியாவிட்டால் என்ன, ஊர் உலகம் ஆடுகிற சார்ட்டில் 'ஆன்டோ' என்று பேராவது வரட்டுமே என்று இதைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் காதில் விழுந்த சத்தத்துக்கெல்லாம் கட்டை வைத்தான். "என்னடா இது, பந்தியில சோத்தக் கொட்டுன மாரி" என்று சிரித்தான் கதிரவன். பக்கத்து ஊர் பூவத்திலிருந்து பைக்கில் வந்து ஆடிப் பார்த்துச் சொல்கிற ஒரே சிநேகிதன். போகப் போக எங்கே விட வேண்டும் என்பது ஆன்டோவுக்குப் பிடிபட்டது. "கையும் மூச்சு வுடணும்ல" என்பான். டீக்கடையில் பாட்டு ஓடினால் இடது கை பெஞ்சைத் தட்டிக்கொண்டிருக்கும், டீ ஆறிப்போகும்.

சார்ட் அடுக்குகிறவர்களுக்கென்று ஒரு போட்டி வந்தது. சார்ட்டோடு அதை ஆடிக்காட்டும் வீடியோவும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். "நான் ஆடித் தர்றேன் மச்சான், இது ஒரு விசயமா?" என்று கதிரவன் ஆடினான், அவனே அனுப்பியும் வைத்தான். அந்த சார்ட் ஜெயித்தும் விட்டது. அடுக்கியவர் என்ற இடத்தில் இருந்த பேர்: கதிரவன்.

நேற்று அல்வாப் பொட்டலத்தோடு வந்தான் அந்த மகராசன் கதிரவன். "வீடியோல என் கைதானேடா தெரியுது? உன் பேரப் போட்டா உன் கையக் காட்டச் சொல்லுவானுவ. உனக்குத்தானே சங்கடம்?"

கரிசனமாம்! குத்துகிற கத்திக்கு வெண்ணெய் தடவிக் குத்துகிறான். ஆன்டோ வலது கையைத் தொடைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டான்.

"அடுத்த சுத்து சென்னையில மச்சான். மேடையேறி, எல்லாரும் பாக்க, சொந்த சார்ட்ட ஆடணுமாம். நல்லதா ஒண்ணு செஞ்சி குடேன்."

"செஞ்சிட்டாப் போச்சு" என்றான் ஆன்டோ.

வேகம் கூடினால் கதிரவனின் இடது மோதிர விரல் பின்தங்கிவிடும். அது ஆன்டோவுக்கு மட்டும்தான் தெரியும். சிநேகிதனாயிற்றே என்று, அந்த விரலுக்குரிய இடது ஓர வரிசையில் இதுவரை பார்த்துப் பார்த்துத்தான் கட்டை வைத்திருந்தான்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் புதுப் பாட்டொன்றைத் திறந்தான். இடது ஓர வரிசையில் ஒரு கட்டையை வைத்தான். அதன் தலைமேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.