புதுக் காரின் மேல் விழுந்த தென்னை மட்டை

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அன்றைக்கு என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராவிட்டாலும் கவலைப்பட நன்றாக வரும். பால் திரிந்துவிடுமோ, கரண்டு போய்விடுமோ, பஜ்ஜியில் உப்பு கூடிவிடுமோ என்று முதல் நாளே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து பேசி, நின்றுபோயிருந்தது. இதுவும் போனால் பெண் மனசு விட்டுவிடுவாளே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த பயம்.

வந்தவர்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், பூர்விகம் மதுரைப் பக்கம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத காரில் வந்து இறங்கினார்கள். கருநீல வண்டி, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. புது வண்டி வெயிலில் காய்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நெழல்ல உட்டுடுங்கப்பா" என்று நானே மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்லி, எங்கள் தென்னை மரத்தடிக்கு நகர்த்த வைத்தேன்.

என் பெண் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்த நேரம். வெளியே டம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், காய்ந்த மட்டை ஒன்று பானெட்டின் மேல் குறுக்கே கிடக்கிறது. அதை எடுத்தால் அடியில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நல்ல காரியம் பேச உக்காந்த நேரத்துல இப்பிடி ஆகிப்போச்சே. வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றோம்" என்றார். முன்னால் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். உடனே கிளம்பியிருப்பார்கள். ராகுகாலம் தொடங்கிவிட்டது, அது முடியாமல் புறப்பட மாட்டேன் என்று அந்த அம்மாதான் நின்றார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். "இன்னாத்துக்கு எல்லாரும் எழவு ஊடு மாரி நிக்கிறீங்க? எந்தம்பிக்கு இதான் வேலையே. இரு, கூப்டறேன்" என்றார். நல்ல நாளில் வாயில் வர வேண்டிய வார்த்தையா அது!

தம்பிக்காரர் லுங்கியோடு வந்தார். புதுக் கார்களை இறக்கி நிறுத்தும் யார்டில், நசுங்கின இடத்தை நிமிர்த்துகிற வேலையாம். வாய் ஓயாத ஆள். பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம், "பெயின்ட் ஒடையல மாமே, பொழச்ச. டச்சப்பு கூட வோணாம். அப்பால இது எங்க இருந்துச்சுன்னு நீயே தேடுவ பாரு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருக்கிற பள்ளத்தைப் பெரிசாக்கிவிடுவாரோ என்றுதான் அடித்துக்கொண்டது.

கொக்கி மாதிரி வளைந்த நீளக் கம்பிகளும், கறுப்புக் கோடு போட்ட ஒரு விளக்குப் பலகையும் கொண்டுவந்தார். பலகையை நிறுத்தும் ஸ்டாண்டை வேலையிடத்திலேயே விட்டுவிட்டாராம். ஒரு பக்கத்தை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். "அந்தாண்ட ஒரு கை குடுங்கப்பா, ஆடக் கூடாது" என்றதும், யாரும் எதிர்பார்க்காமல் என் பெண் பட்டுச்சேலையோடு வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். அந்த அம்மா என்ன நினைப்பாரோ என்று எனக்கு அடுத்த கவலை.

பலகையின் கோடுகள் பானெட்டின் பளபளப்பில் தெரிந்தன. மற்ற இடத்தில் நேராக ஓடியவை, பள்ளம் வந்ததும் சுருண்டு நெளிந்தன. அவர் பானெட்டைத் தூக்கி, அடியில் இருந்த ஓட்டை வழியாகக் கம்பியை விட்டார். "யாரும் பள்ளத்தப் பாக்காதீங்க, கோட்டப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சின்ன அழுத்தம். கோடு மயிரிழை அசைந்தது. இன்னொரு அழுத்தம், இன்னொரு மயிரிழை. எங்காவது துளி மேடு எழும்பினால், மேலே ஒரு பிளாஸ்டிக் குச்சியை வைத்துச் சுத்தியலால் டொக்கென்று ஒரு தட்டு. தெருவே கூடிவிட்டது, ஆனால் அந்த டொக்கைத் தவிர வேறு சத்தமில்லை. ஏரியில் கல்லைப் போட்டால் அலை விரியுமே, அந்த அலை திரும்பி வந்து கல் விழுந்த இடத்திலேயே அடங்குவதுபோல, நெளிவு சிறுத்துக்கொண்டே வந்தது.

நடுவில் மாப்பிள்ளை என் பெண்ணிடம் ஏதோ மெதுவாகச் சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். பலகை ஆடியது. "யோவ் மாமே, ஜோக்கெல்லாம் கல்யாணத்துக்கு அப்பால சொல்லுய்யா, கோடு ஆடுது!" என்று கம்பிக்காரர் கத்தினார். தெருவே சிரித்தது. நான் மட்டும் பயந்துபோய் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோடுகள் எல்லாம் நேராக நின்றன. அந்த அம்மா கிட்டே வந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பானெட்டைத் தடவினார். மறுபடியும் தடவினார். "ஏப்பா, இங்கனதான இருந்துச்சு?" என்று மகனைக் கேட்டார். மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ராகுகாலம் முடிந்திருந்தது. இனிக் கிளம்பிவிடுவார்கள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "காப்பி ஆறிப்போயிருக்கும். இன்னொரு தடவ போடுங்க சம்பந்தி, பூ வச்சிட்டே போறோம்" என்றார்.

இப்போதும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் வருகிறார்கள். மரத்தடியில் நிறுத்த நான் விடுவதில்லை. அவர்கள் உள்ளே போனதும், யாருக்கும் தெரியாமல் பானெட்டைத் தடவி அந்த இடத்தைத் தேடுவேன், கிடைத்ததே இல்லை. நான் பயந்து பயந்து காத்த பாலும் கரண்டும் பஜ்ஜியும் அன்றைக்கு எதையும் செய்துவிடவில்லை, நான் பயப்பட மறந்துபோன ஒரு மட்டைதான் விழுந்து என் பெண்ணை அந்த விளக்கின் மறுபக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நினைத்தால், ஆச்சரியத்தில் கொஞ்ச நேரம் எனக்குக் கவலைப்படக்கூட மறந்துவிடுகிறது.