பீரங்கி அக்கா தட்டாமல் விட்ட தூள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் பீரங்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றழுத்தத்தில் சுடும் அந்த நீளக் குழாய் அவள் பொறுப்பு. குரலும் அதற்குச் சளைத்ததல்ல. கோபத்தை மறக்கிற பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது.

மறக்கும்படியாகவா நடந்தது? அதே கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையின் கணவன் அழுத்தத்தைப் பார்க்காமல் சுட்டு, குழாயில் விரிசல் விழவைத்தான். பழியைத் தூக்கி அக்கா தலையில் போட்டான். "அக்கா, அவரைக் காட்டிக் குடுத்துடாதே" என்று தங்கை அழுதாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு அவனுக்குப் போனது. அவன் "அக்கா, அக்கா" என்று குழையும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். உனக்கும் ஒரு நாள் வரும்டா என்று கறுவிக்கொள்வாள்.

அந்த நாளும் வந்தது. சூரியக் குடும்பம் பிறந்த புதிதில் பாறையே கிடையாது. தூசும், நடுநடுவே உருகி உறைந்த சின்னச் சின்ன மணிகளும்தான். அந்தப் பொலபொலவென்ற கூட்டம் மோதி மோதியே இறுகிப் பாறையானது என்பது அவன் கட்சி. அதைச் செய்து காட்டுவதாக ஊரைக் கூட்டியிருந்தான். மாவு போன்ற தூளில் ரவை அளவு கண்ணாடி மணிகளைக் கலந்து, இரும்புக் கிண்ணத்தில் அடைத்து மூடி, அதன்மேல் ஓர் உலோக வில்லையைச் சுட வேண்டும். இதுவரை சுட்டதெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. இதுவும் உதிர்ந்தால் நிபுணர் குழு அவனைத் தலைமையிலிருந்து இறக்கிவிடும்.

"நல்லா தட்டித் தட்டி அடைங்க அக்கா. இடைவெளியே இருக்கக் கூடாது."

"சரி தம்பி."

அவன் தலை மறைந்ததும் சல்லடையை எடுத்தாள். ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் தூளைச் சலித்துப் பூப்போல விழவிட்டாள். பாதிக்குமேல் வெறும் காற்று. கெட்டியாக அடைத்ததே உதிர்ந்ததென்றால் இது என்ன கதியாகும்! மூடியைத் திருகும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுட்டாள். சுவர் அதிர்ந்தது. கிண்ணத்தை அறுத்துத் திறந்தால், கல்! நகத்தால் கீறினாள், ஒரு துளி உதிரவில்லை. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்திருந்தது. அறுத்த விளிம்பை உற்றுப் பார்த்தபின் அவளுக்குப் புரிந்தது. கெட்டியான தூள் அடியை அப்படியே கடத்திவிடும். இதிலோ அடி முழுவதும் இடைவெளிகளை நசுக்குவதில் செலவாகியிருக்கிறது; நசுங்கிய இடமெல்லாம் தூள் சூடேறி உருகி ஒட்டிக்கொண்டது. மணிகளில் கீறல்கூட இல்லை. ஆதியில் தூசு கல்லானதும் இப்படித்தான் இருக்கும். அந்தப் பாவி சொன்னது சரி.

அவன் பாய்ந்து வந்து கல்லைப் பிடுங்கினான். அது வழக்கமானதில் பாதித் தடிமன்தான் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. குழுவிடம் போய், "எல்லாம் என் முறைதாங்க. என் கையாலேயே அடைச்சேன்" என்று அளந்தான். அக்காவின் பெயர் அவன் வாயில் வரவில்லை. குழாய் அறை வாசலில் நின்ற அவளுக்கு எல்லாம் கேட்டது. கெடுக்கப் போனதைக்கூடத் திருடிக்கொண்டானே!

குழுத் தலைவி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. சாப்பிட்டு வந்துடறோம். எங்க கண்ணு முன்னாடி இன்னொண்ணு நீங்களே அடைச்சுச் சுட்டுக் காட்டுங்க."

அவர்கள் போனதும் அவன் குழாய் அறைக்கு ஓடி வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, மத்ததெல்லாம் உதிர்ந்துச்சே! இதுல மட்டும் என்ன பண்ணீங்க? உங்க தங்கச்சி முகத்துக்காகவாவது சொல்லுங்க."

தங்கை முகம் ஒரு கணம் வந்து நின்றது. அந்த முகத்துக்காக ஒரு தடவை கொடுத்தாயிற்று. அதற்குமேல் அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி, தட்டித் தட்டி அடைச்சேன்" என்றாள் அக்கா. "இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பலமா தட்டுங்க."