பிரஸ் சத்தத்தில் படித்த பாட்டு

நேற்று பத்தாம் வகுப்புக்குச் சங்கச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றார். "உங்க தலைவி எங்க கிளாஸ்லயும் வந்து அழுவுறா டீச்சர். கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது, என் தொண்டை அப்படிப் பழகிவிட்டது.

பழகிய இடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. இரும்புத் தகட்டை அடித்துக் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் மிஷின் வேலை. மிஷினுக்கு இரண்டு பேர். தகட்டை உள்ளே வைப்பது நான், பட்டனை அமுக்குவது ஆரம்பாக்கத்துச் செங்கம்மாக்கா. வைத்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். விரலெல்லாம் வெளியே இருக்கிறது, அமுக்கலாம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஒருநாளும் அவள் அமுக்கியதில்லை. இன்று நான் சாக்பீஸ் பிடிப்பதே அவள் புண்ணியம்தான்.

அப்போது தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வுகளை எப்படியோ தாண்டியாயிற்று. மிச்சம் வாய்மொழித் தேர்வு. எதிரே இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பழம்பாட்டைக் கையில் கொடுப்பார்கள். பொருள் சொல்லி, நயம் சொல்லி, குறுக்குக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை போய் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை தேறினால் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் காலத்துக்கும் தகடுதான்.

வாய்விட்டுச் சொல்லிப் பழக என் அறையில் வழியில்லை. கூடத் தங்கியிருந்தவர்கள் ஷிப்டு முடிந்து தூங்குகிற பெண்கள். ஒரு வரி சொன்னால் தலையணை பறந்து வரும். ஆகவே மிஷினடியில் செங்கம்மாக்காவுக்கே பாடம் நடத்தினேன். அங்கே அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் எதிரே நிற்பவளுக்குக் கேட்கும்.

"பொருள் தேடப் போன தலைவன் கார்காலம் வந்தும் திரும்பலக்கா. தலைவி ஏங்குறா. தோழி தேத்துறா."

"அந்தத் தோழிக்கு ஊடு வாசல் கெடையாதா? எப்பப் பாத்தாலும் இவ கூடவே குந்திகினு இருக்கா."

தேர்வுக் கையேடு எழுதியவருக்கே தோன்றாத கேள்வி. அடுத்த தகட்டை எடுத்து வைத்தேன்.

"நீ பெயிலாயிட்டா எனுக்கு நல்லது" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வாள். "பாஸாயி நீ போயிட்டா புதுசா எவளாவது வருவா. அவ கைய எடுத்தாளா இல்லியான்னு எனுக்கு உசுரு போயி உசுரு வரும். பேஜாரு." சொன்ன வாயாலேயே, "ம், நேத்து உட்ட எடத்துலேர்ந்து சொல்லு" என்பாள். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தேர்வு நாளில் பாட்டை வாங்கினேன், ஆரம்பித்தேன். இளைய பேராசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஏதோ சண்டை என்று பியூன் எட்டிப் பார்த்தார். போதாததற்கு, ஒவ்வொரு கருத்து முடிந்ததும் என் இரண்டு கையும் தாமாக மேலே போயின.

"எதுக்கும்மா கையத் தூக்குற?"

"முடிச்சிட்டேன் சார். இனிமே நீங்க அமுக்கலாம்."

மெதுவாகப் பேசச் சொன்னார்கள். குரலை இறக்கிப் பார்த்தேன். பாட்டும் கூடவே இறங்கிப் போய்விட்டது, ஒரு வரி நினைவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. மூத்தவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "சரிம்மா, உன் வழக்கப்படியே கத்து" என்றார். கத்தித் தீர்த்தேன். தேறிவிட்டேன்.

செங்கம்மாக்காவிடம் சொன்னபோது மிஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையாலேயே என் கன்னத்தைத் தடவினாள். "போ, நல்லாரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு அவளைப் பார்க்கப் போனேன். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"இப்பல்லாம் மிஷினே தகட்ட எடுத்து வெச்சிக்கினு, அதுவே அடிக்குது. நான் பாத்துகினு நின்னா போதும். சத்தமும் முன்ன மாரி இல்ல, வெரலுக்கு பயமும் இல்ல."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான். காலைல உள்ள போனா சாயங்காலம் வரிக்கும் பேச ஒரு ஆளு இல்லடி."

அதன்பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.