கையால் சுற்றும் அப்பள மிஷின்

உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். அடுப்படியில் ஒருவேளை வந்தால் பசியைக் கிளப்பும், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை தெரு முழுக்க அதுவே அடித்துக்கொண்டிருந்தால் தலையைத்தான் வலிக்கும். மதுரையில் கோச்சடைக்குப் போகிற வழியில், வைகைக் கரையை ஒட்டி இருந்த எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் என் பாவாடையை மோந்து பார்த்துவிட்டு, "அப்பளம் வந்திருச்சுடி" என்று சிரிப்பார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது.

காலையில் அப்பளக் கம்பெனியின் ஆள் சைக்கிளில் மாவைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். பெண்கள் அதை எண்ணெய் தொட்டு இடித்துப் பதமாக்கி, சிறு சிறு வில்லைகளாக நறுக்கி, பலகையில் வைத்துக் கட்டையால் வட்டமாக உருட்டி, காயவைத்து, சாயங்காலம் அடுக்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு எங்கள் தெருவில் "உருட்டு" என்று பெயர். "ஒங்க வீட்டுல உருட்டு இருக்கா?" என்று ஒருத்தி கேட்டால், வேலை இருக்கிறதா, வீட்டில் உலை வைத்தாயிற்றா, எல்லாமே அதில் அடக்கம். கைத்தொழில் அழிந்துபோயிற்றே என்று இன்றைக்கு மேடையில் உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரே ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உருட்டிப் பார்த்துவிட்டு வந்து உருகட்டும்.

என் அம்மா பாக்கியமும் உருட்டினாள். சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு வீங்கி விரல்கள் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாது, கிணற்றில் வாளி இழுக்க முடியாது. எனக்குத் தலை பின்னுகிற வேலை அப்பாவிடம் போனது அதனால்தான். அப்பா பெயர் சோலைமலை. வீட்டின் முன்பக்கத்திலேயே லேத் பட்டறை வைத்து, இரும்பு கடைந்துகொண்டிருந்தவர். கிரீஸ் போகக் கையைக் கழுவிவிட்டு வந்து, போல்ட்டை முறுக்குகிற மாதிரி என் இரட்டைச் சடையை இறுக்குவார். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். "வலிக்குதுப்பா" என்றால், "அவுந்துராதுல்ல?" என்பார். அப்படிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எதிரே உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "ஒன் கைக்குப் பதிலா நான் ஒண்ணு பண்ணித் தாரேன் பாக்கியம்" என்றார். "மொதல்ல பிள்ள தலைய விடுங்க, அழுவுது" என்றாள் அம்மா.

அந்த ஒன்றுதான் மிஷின். இரண்டு உருளைகள், நடுவே மாவு போனால் தகடாக வரும், அடுத்திருக்கிற மூன்றாவது உருளையில் பதித்த வளையம் அதை வட்ட வட்டமாக வெட்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் உளுந்து மாவு ஒட்டிக்கொள்கிற ஜாதி. இரும்பு உருளையில் ஒட்டியது, பித்தளையில் ஒட்டியது, மரத்தில் கடைந்து பார்த்தார், அதில் இன்னும் நன்றாக ஒட்டியது. பட்டறைக்கு வருகிறவர்களின் வேலையெல்லாம் மூலையில் கிடக்க, அப்பா உருளையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் அம்மா அலமாரியிலிருந்த என் பவுடர் டப்பாவைக் காலிசெய்து, அதில் அரிசி மாவைப் போட்டு, உருளைக்கு மேலே பிடித்துத் தட்டிக் காட்டினாள். "நாங்க உருட்டுறப்ப மாவு தூவுறோம்ல, உங்க மிஷினுக்கு மட்டும் வேணாமா?" அப்பா டப்பாவை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். பிறகு, கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் தானாகக் குலுங்கும்படி ஒரு நெம்புகோலை வைத்து அந்த டப்பாவை மேலே மாட்டினார். ஒட்டுவது நின்றது. என் பவுடர் போனதுக்கு நான் அழுததும் அன்றைக்குத்தான்.

தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். அதற்கு "ராட்டு" என்று அவர்களே பேர் வைத்தார்கள். "அண்ணே, எனக்கு ராட்டு எப்பத் தருவீக?" என்று தண்ணீர்க்குடத்தோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவின் யோசனை அதுதான்: வீட்டுக்கு ஒன்று, அடுப்படி மூலையில் அடங்குகிற அளவில், ஒரு கை சுற்றினால் ஓடுகிற மாதிரி. கூட்டாளி ஒருவர் மோட்டார் வைக்கச் சொன்னபோது அப்பா மறுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மோட்டார் வெச்சா கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயி கொட்டகையில வெச்சுக்கிருவான் மாப்ள. கையில சுத்துனாத்தான் அது வீட்டுல இருக்கும். உருட்டும் வீட்டுல இருக்கும்." எந்திரம் செய்கிறவர்கள் எல்லோரும் அதிகமாக ஓட வேண்டும் என்று செய்வார்கள், என் அப்பா எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துச் செய்தார். இதை ஒருவராவது எழுதியிருக்க வேண்டாமா?

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். இதை முதலில் சென்னையில் உங்கள் பெயரில் காப்புரிமைக்குப் பதிவு செய்துவிடுங்கள், அதுவரை வெளியாள் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அவர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். ஆயுத பூஜை முடிந்ததும் போகிறேன் என்று அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அங்கேதான் எல்லாம் போயிற்று.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஆயுத பூஜை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அப்பா செய்தது புரியும். அன்றைக்கு மிஷின் எதுவும் ஓடாது. எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எல்லாவற்றையும் பார்வையாக நிறுத்திக் கதவைத் திறந்து வைப்பார்கள். தெரிந்தவர், தெரியாதவர், வேண்டாதவர், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், சுற்றிப் பார்க்கலாம்; பொரியும் கடலையும் தேங்காய்ச் சில்லும் கொடுக்காமல் ஒருவரை அனுப்பக் கூடாது. "ராட்டு மேல மட்டும் ஒரு போர்வையப் போட்டு வைங்க" என்று அம்மா கெஞ்சினாள். "மொத பூஜை அதுக்கு. இருக்குற சுத்தியலுக்கெல்லாம் சந்தனம் வெச்சுட்டு அத மட்டும் மூடி வெக்கச் சொல்றியா? வெளங்குமா அது?" என்றார் அப்பா. தீபாவளிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணெய் வைத்துவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் வெளியே நிறுத்துகிற மாதிரிதான் அது அவருக்கு. அம்மாவும் எடுத்த போர்வையை மடித்து வைத்துவிட்டாள்.

அன்று வந்தவர்களில் வெளியூர்க்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, நல்ல மரியாதையான பேச்சு. ஓடாமல் நிற்கிற மிஷினை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம் அல்லவா, பார்த்தார். "இது எதுக்குண்ணே ஆடுது?" என்று டப்பாவைத் தொட்டுக் கேட்டார். தான் செய்ததை இப்படி ஆசையாகக் கேட்கிற ஒரு ஆள் கிடைத்ததில் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டி, எது எதைத் தள்ளுகிறது என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அம்மா சொல்லி வைத்த டப்பா அது என்றும் பெருமையாகச் சொன்னார். போகும்போது தேங்காயில் ஒரு மூடியைச் சில்லாக உடைக்காமல் அப்படியே கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஆடி வருவதற்குள் அப்பளக் கம்பெனிக் கொட்டகைக்கு வெளியூரிலிருந்து லாரியில் ஒரு அப்பள மிஷின் வந்து இறங்கியது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பட்டறைக்குள் போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். "நல்லாப் பண்ணிருக்கான்" என்றார் அப்பா. "மாவு தூவுறதுக்குத் தகரத்துல பெட்டி அடிச்சிருக்கான். நம்மளது மாதிரியே குலுங்குது." தண்ணீரைக் குடிக்காமலே படியில் வைத்தார். அப்புறம், "மோட்டார் வெச்சுட்டான் பாக்கியம்" என்றார். திருடிவிட்டான் என்று அவர் சொல்லவே இல்லை. மோட்டார் என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

மாவு சைக்கிள் எங்கள் தெருவுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. ஒருநாள் காலையில் பெண்கள் கூட்டமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். "எங்களுக்காகப் பண்றேன்னீகளேண்ணே" என்றாள் ஒருத்தி. "எங்க கஞ்சியில மண்ணப் போட்டீகளே!" நான் செய்தது அது இல்லை, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லையோ, சொல்லி என்ன என்று விட்டாரோ, லேத் மேல் கையை வைத்தபடி தலைகுனிந்து நின்றார். "எனக்கும்தான உருட்டுப் போச்சு" என்று அம்மா முன்னால் வந்தாள். "ஒனக்கு லேத் இருக்கு பாக்கியம். எங்களுக்கு என்ன இருக்கு?" அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டது இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் அப்பா கதவைத் திறந்துதான் வைத்தார். தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அண்டா நிறைய இருந்த பொரி நமுத்துப் போய், அதைத் தாளித்துத் தாளித்து நாங்களே தின்றோம். ராட்டைப் பிரித்து உருளைகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார் அப்பா. அதற்குப் பிறகு அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. தேய்ந்த போல்ட் மரையைத் திருத்துவது, உடைந்ததை ஒட்டவைப்பது, அவ்வளவுதான். என் தலையை மட்டும் நான் பெரிய பிள்ளை ஆகிறவரை பின்னிவிட்டார். இறுக்கிப் பின்னுவதை எப்போதோ விட்டுவிட்டார். சடை மத்தியானத்திலேயே அவிழ்ந்துவிடும், நான் சொல்ல மாட்டேன்.

அப்பாவும் போய், அம்மாவும் போய், நானும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இந்த மிஷினைக் கண்டுபிடித்தது சோலைமலை என்று யாராவது ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். நானாகச் சொன்னால் மகள் சொல்கிறாள் என்பார்கள். வேறொருவர் சொல்ல வேண்டும். வண்டியூர்ப் பக்கம் ஒரு அப்பளக் கம்பெனியில் மிஷின் ஓடுகிறது என்று கேட்டுப் போனேன். முதலாளி சின்ன வயசுக்காரர், நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "எங்க தாத்தா காலத்துல வெளியூர்லருந்து வாங்குன மாடல் மேடம் இது. யாரு கண்டுபிடிச்சதுன்னெல்லாம் யாருக்குத் தெரியும்?" மாவு தூவுகிற பெட்டி குலுங்கிக்கொண்டே இருந்தது. லேத் வேலை தெரிந்த பழைய ஆட்களைத் தேடினேன். அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு மிஷினைத் தெரியவில்லை, மிஷினைத் தெரிந்தவர்களுக்கு அப்பாவைத் தெரியவில்லை. ஊர்ப் பெருமை பேசுகிற கூட்டங்களுக்கும் போனேன். கோயிலும் மல்லிகையும் வந்தன. அப்பளத்துக்கு யார் வருகிறார்கள்?

போன மாதம் பழைய தெருவுக்கே போனேன். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி. கீழே கார்கள் நிற்கின்றன. கிணற்றை மூடி மேலே டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அப்பள வாடை எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, நிழலில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்தார்.

"ஏத்தா, நீ சோலைமலை அண்ணே மகதான?"

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. எங்கள் தெருக் கோடி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செல்லத்தாயி அக்கா. "ஆமாக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே இருக்காரா?"

"போயிட்டாருக்கா. அம்மாவும் போயிருச்சு."

"அடப் பாவமே. நல்ல மனுசன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேத்தியிடம் திரும்பினார். "இவுக அப்பாதான்டி அப்பள மிஷினக் கண்டுபிடிச்சவரு. ஊரு பூராம் ஓடுதுல்ல, அம்புட்டும் அவரு மூளைதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் யாரிடமோ போய் நின்று கேட்ட சொல், பஸ் நிறுத்தத்தில் கேட்காமலே கிடைத்துவிட்டது. அவர் கையை இறுகப் பிடித்தேன். செல்லத்தாயி அக்கா பேத்தியிடமே, அதே குரலில், அதே மூச்சில் தொடர்ந்தார்.

"அது வந்த வருசந்தான் நம்ம வீட்டுல உருட்டு நின்னுச்சு. ஒன் பெரியம்மாவப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். நல்லாப் படிக்கிற பிள்ள."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேத்தி கையிலிருந்த போனைத் தாழ்த்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா செய்ததில் மோட்டார் இல்லை அக்கா, உங்கள் அடுப்படியில் வைப்பதற்காகத்தான் அதைச் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் பஸ் வந்துவிட்டது. "வாரேன்த்தா" என்று பேத்தியின் தோளைப் பிடித்து எழுந்து, படியேறிப் போய்விட்டார்.

நான் போக வேண்டிய பஸ்கள் வந்து போயின. அப்பாவின் பெயரை நினைவில் வைத்திருக்கிற ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று அலைந்தேன், பார்த்துவிட்டேன். இனிமேல் யாரிடமும் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை.